குளித்த குற்றம்

இங்கிலாந்தில் வாடகை வீட்டுச் சுவர் கறுத்துப்போனால் அதைப் பார்வையிட ஒருவர் வருவார். வந்தவர் முதலில் அடுப்பைப் பார்ப்பார். குளியலறைக்குள் தலையை நீட்டி வாளி இருக்கிறதா என்று பார்ப்பார். ரேடியேட்டர் மேல் காயும் குழந்தைத் துணியைப் பார்ப்பார். சட்டியை மூடிச் சமைப்பீர்களா, எத்தனை பேர் இங்கே படுக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வார். போகிற போக்கில் சுவரையும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு அலுவலகம் போய்த் தீர்ப்பு எழுதுவார்: ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் காரணம் குடியிருப்போரின் வாழ்க்கை முறை.

சிக்கனமான தீர்ப்பு. சுவருக்கு வெப்பக் காப்பு போடப் பணம் வேண்டும். ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி மாட்ட ஆள் வேண்டும். கசியும் குழாயைக் கண்டுபிடிக்கச் சுவரை உடைக்க வேண்டும். குடியிருப்பவருக்குப் புத்தி சொல்வதற்கோ ஒரு துண்டறிக்கை போதும், அச்சுக்கூலியோடு செலவு முடிந்தது.

அந்தத் துண்டறிக்கைகளைப் படித்திருக்கிறீர்களா? ஈரக்காற்று வெளியேற ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று ஒரு வரி சொல்லும். சுவர் குளிராமலிருக்க ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கட்டும் என்று அடுத்த வரி சொல்லும். இரண்டுக்கும் ஒருசேரக் கீழ்ப்படிகிற குடும்பம் டிசம்பர் மாதத்து ஆகாயத்தைச் சொந்தக் காசில் சூடாக்கிக்கொண்டிருக்கும். துணியை வீட்டுக்குள் உலர்த்தாதீர்கள். வெளியே மழை. கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் இந்தச் சுவரிலிருந்து தள்ளிய கட்டில் அந்தச் சுவரில் போய் முட்டும். குளித்து முடித்ததும் சுவரைத் துடையுங்கள், சமைக்கும்போது கதவைச் சாத்துங்கள். மூச்சு விடுவதை மட்டும் ஏனோ தடைசெய்யவில்லை. அதிலும் நீராவி உண்டு என்று தெரிந்தும் பெருந்தன்மையாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

நான்கு பேர் வாழும் வீட்டில் சமைத்து, குளித்து, துவைத்து, மூச்சு விட்டு ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணீர் காற்றில் சேரத்தான் செய்யும். அது குற்றமென்றால் குகையில் தீ மூட்டிய நாளிலிருந்தே மனிதகுலம் குற்றவாளி. அந்த ஈரத்தை வெளியே அனுப்ப வேண்டியது கட்டடத்தின் வேலை. விசிறி சுழலவில்லை, சுவரில் சூடு தங்கவில்லை என்றால், ஐஸ் மோர் ஊற்றிய டம்ளருக்கு வெளிப்புறம் வியர்க்கிறதே, அதேபோலச் சுவரும் வியர்க்கும். சுவரையொட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அழைப்பிதழ் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டிருப்பவை. அவற்றுக்குச் சாப்பாடு வால்பேப்பர் பசை, ஜிப்சம் பலகையின் காகிதம், பெயின்ட், தூசி. பாக்கி இருந்தது தண்ணீர் ஒன்றுதான், அதையும் கட்டடம் கட்டியவர் குறைவைக்காமல் ஏற்பாடு செய்துவிட்டார்.

அஸ்பெர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம், பெனிசிலியம் என்று பெயர்கள் பெரியவை. ஆள்தான் சிறியது. வித்துகள் பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறியவை, மூச்சோடு இறங்கி நுரையீரலின் கடைக்கோடிக் கிளை வரை போகக்கூடியவை. ஆஸ்துமாக்காரருக்கு இளைப்பைக் கிளப்பும், இல்லாதவருக்கு இருமலைக் கொடுக்கும், எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு நுரையீரலிலேயே குடியேறும். ஈரமும் பூஞ்சையும் மனிதருக்குச் செய்யும் கேட்டைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே தனி வழிகாட்டி நூல் போட்டது. குழந்தைக்கு மூச்சுக்குழாய் குறுகலானது. எடைக்கு எடை கணக்குப் பார்த்தால் அது பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. பெரியவர்கள் வேலைக்கென்று வெளியே போய் நல்ல காற்று வாங்கிவிட்டு வருவார்கள், குழந்தை நாள் முழுக்க அந்தச் சுவரோடுதான் கிடக்கும். 2020-ஆம் ஆண்டு இதிலும் விசேஷம். கொரோனாவுக்குப் பயந்து, உயிர்பிழைக்க வேண்டுமானால் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று அரசாங்கமே ஊருக்கெல்லாம் சொன்ன ஆண்டு.

அந்த ஆண்டில்தான் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊரான ராச்டேலில், ஃப்ரீஹோல்டு குடியிருப்பின் ஒரு படுக்கையறை வீட்டில், அவாப் இஷாக் என்ற குழந்தை வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். வீட்டின் உடைமையாளர் ராச்டேல் பரோவைட் ஹவுசிங் என்ற சமூக வீட்டுச் சங்கம். குழந்தை பிறப்பதற்கு முன்பே, 2017-இல், தகப்பனார் பூஞ்சையைப் பற்றிச் சங்கத்திடம் சொன்னார். அதன்மேல் பெயின்ட் அடியுங்கள் என்று பதில் வந்தது. அவரும் அடித்தார். பூஞ்சை அடியிலிருந்தபடியே பெயின்ட்டைத் தின்றுவிட்டு மறுபடி மேலே வந்தது. அவர் மறுபடி சொன்னார். நிர்வாகக் கலையில் பெயின்ட்டுக்கு நிகரான கருவி கிடையாது. விரிசலுக்குப் பெயின்ட், கறைக்குப் பெயின்ட், புகாருக்கும் பெயின்ட். குழந்தையின் சுவாசக் குழாய்க்கு உள்பக்கம் மட்டும் அடிக்க முடியாது.

2018 டிசம்பரில் அவாப் பிறந்தான். சளி, இருமல், மூச்சுக்கோளாறு. வேறு வீடு கொடுங்கள் என்று பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 2020 ஜூலையில், வீடு தேடி வந்து குழந்தைகளைப் பார்க்கும் அரசு செவிலியர் இந்தப் பூஞ்சை குழந்தைக்கு ஆபத்து என்று சங்கத்துக்கு எழுதினார். அதே மாதம் சங்கத்தின் ஆள் ஒருவர் வந்து சமையலறையிலும் குளியலறையிலும் பூஞ்சை இருப்பதைக் கண்ணாலேயே கண்டு, சிகிச்சை தேவை என்று எழுதியும் வைத்தார். இவ்வளவுக்குப் பிறகாவது ஒரு கொத்தனாரும் ஒரு மின்பணியாளரும் வந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள்.

வரவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின மாதம் அந்தக் குடும்பம் ஒரு பெரிய தவறைச் செய்துவிட்டது. மூன்று வருடம் கேட்டுப் பார்த்து அலுத்துப்போய், ஒரு வழக்கறிஞர் மூலம் இழப்பீடு கேட்டுவிட்டது. வழக்கறிஞர் தலையிட்ட வீட்டில், இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒப்புக்கொள்ளும் வரை பழுது பார்ப்பதில்லை என்பது சங்கத்தின் கொள்கையாம். வாய்மொழியாகச் சொன்னால் பெயின்ட். சட்டப்படி சொன்னால் அதுவும் இல்லை. பூஞ்சைக்கு வழக்கறிஞர் யாரும் இல்லாததால் அது மட்டும் தன் வேலையைத் தடையில்லாமல் தொடர்ந்தது.

டிசம்பர் 19 அன்று மூச்சுத் திணறல். மருத்துவமனை, பிறகு வீடு, மறுபடி மருத்துவமனை. 21 அன்று அவாப் இறந்தான். இரண்டாவது பிறந்தநாள் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

இதற்கு ஐந்து நாள் முன்பு, அதே டிசம்பர் 16 அன்று, லண்டனில் எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்தில் சாலைப் புகையால் மாசுபட்ட காற்றுக்கும் பங்குண்டு என்று ஒரு மரண விசாரணை அதிகாரி பதிவுசெய்திருந்தார். அவள் இறந்தது 2013-இல். கெட்ட காற்று குழந்தையைக் கொல்லும் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள அந்த நாட்டுக்கு ஏறக்குறைய எட்டு வருடம் ஆயிற்று. ஒப்புக்கொண்ட வாரம் முடிவதற்குள் அடுத்த குழந்தை.

அவாபின் மரண விசாரணை முடிந்தது 2022 நவம்பர் 15 அன்று. விசாரணை அதிகாரி ஜோவான் கியர்ஸ்லி. குழந்தையின் ரத்தத்திலும் நுரையீரலிலும் பூஞ்சை இருந்தது. மூச்சுப்பாதை வீங்கி அடைத்துப்போனதற்குக் காரணம் நெடுநாள் வீட்டுப் பூஞ்சையில் கிடந்ததுதான் என்று அவர் பதிவுசெய்தார். வீட்டில் காற்றோட்டம் போதவில்லை என்றார். 2020-ஆம் ஆண்டு பிரிட்டனில் பூஞ்சையால் ஒரு இரண்டு வயதுக் குழந்தை எப்படிச் சாகமுடியும் என்று கேட்டார்.

எப்படி என்பதற்குச் சங்கத்திடம் பதில் முன்பே தயாராக இருந்தது. அந்தக் குடும்பத்தின் குளியல்தான் காரணம் என்று அதன் ஆட்கள் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். வாளியில் தண்ணீர் பிடித்து ஏதோ சடங்குபோலக் குளிப்பவர்கள் என்று ஒரு கற்பனை. சமையலைப் பற்றியும் அப்படியே. நாங்கள் அப்படிக் குளிப்பதே இல்லை என்று பெற்றோர் மறுத்தார்கள்.

வாளியில் குளித்திருந்தால்தான் என்ன? இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர் இன்று காலை செய்ததும் அதைத்தானே? வாளி, சொம்பு, கோடையில் பச்சைத்தண்ணீர், மார்கழியில் ஒரு வாளி வெந்நீர். பூமியில் கோடிக்கணக்கானோர் அன்றாடம் செய்கிற காரியம். பத்து நிமிடம் கொதிக்கக் கொதிக்க ஷவரில் நின்றால் வரும் நீராவியில் ஒரு வாளி வெந்நீர் எத்தனை பங்கு விடும் என்று பள்ளிக்கூடப் பையனைக் கேட்டால் சொல்வான். ஆனால் ஷவர் என்பது குளியல், வாளி என்பது பண்பாடு. குளியல் சுவரை ஒன்றும் செய்யாது. பண்பாடு இருக்கிறதே, அது கான்கிரீட்டையே அழுகவைக்கும்.

பின்னால் அந்தக் குடியிருப்பின் மற்ற வீடுகளையும் சோதித்தார்கள். பெரும்பாலான வீடுகளில் ஈரமோ பூஞ்சையோ இருந்தது. ஃப்ரீஹோல்டு குடியிருப்பு முழுக்க வெள்ளைக்காரர் உட்பட எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாக வாளியில் குளித்து வந்திருக்கிறார்கள் போலும். இவ்வளவு பெரிய குளியல் சதியை அதுவரை கண்டுபிடிக்காமல் இருந்தது உளவுத்துறையின் தோல்வி.

பூஞ்சை பணக்காரர் வீட்டிலும் வரும். 2001-இல் அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸ் மாளிகை ஒன்றில் குழாய் உடைந்து, பழுதுபார்ப்பில் கோளாறாகி, பூஞ்சை படர்ந்தது. மாளிகை தொலைக்காட்சிப் பிரபலம் எட் மக்மேனுடையது. தம்பதியருக்கு உடம்புக்கு வந்தது, வளர்ப்பு நாய் பூஞ்சையாலேயே செத்தது என்று வழக்குப் போட்டார்கள். 2003-இல் எதிர்த்தரப்பார் 70 லட்சம் டாலருக்குமேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். அந்த நாயை எப்படிக் குளிப்பாட்டினீர்கள், வாளியிலா குழாயடியிலா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரே பூஞ்சைதான். பெவர்லி ஹில்ஸில் அது வழக்கு, ராச்டேலில் அது வாடகைதாரரின் பழக்கம்.

ராச்டேல் சாதாரண ஊர் இல்லை. கூட்டுறவு படித்தவர்கள் எல்லோரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஊர். முதலாளிகளின் கடையில் கலப்பட மாவையும் கள்ள எடையையும் வாங்கிச் சலித்த நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளுமாக 28 பேர் காசு சேர்த்துத் தங்களுக்குத் தாங்களே ஒரு கடை திறந்தார்கள். டோடு லேன் என்ற தெருவில் வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி என்று கொஞ்சம் சரக்கு. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கே அதுதான் தலைவாசல். நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் 1904-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமும் அந்த வம்சம்தான். ராச்டேல் வீட்டுச் சங்கமும் தன்னை அந்த வம்சமென்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது. வாடகைதாரர்களும் ஊழியர்களும் சேர்ந்து உறுப்பினராக இருந்து உடைமை கொண்டாடும் பரஸ்பரச் சங்கம், நாட்டிலேயே இந்த வகையில் முதலாவது. அதாவது கொள்கைப்படி பார்த்தால், கறுத்த சுவர் வாடகைதாரருக்கே சொந்தம். புகாரை வாங்கிக் கிடப்பில் போட்ட அலுவலகமும் அவருக்கே சொந்தம். இப்படி ஓர் உரிமை கர்ணன் காலத்திலும் யாருக்கும் தானமாகக் கிடைத்திருக்காது.

டோடு லேன் கடை திறந்த நாள் 1844 டிசம்பர் 21. அவாப் இறந்ததும் டிசம்பர் 21. நூற்று எழுபத்தாறு வருடத்தில் நல்ல மாவு வந்தது, சரியான எடை வந்தது. நல்ல காற்றை ஏனோ அந்தப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

இதற்கிடையில் வேடிக்கை. குழந்தை இறந்த பத்தாம் மாதம், 2021 அக்டோபரில், இங்கிலாந்தின் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றி ஓர் அறிக்கை போட்டார். வாழ்க்கை முறை காரணமில்லை என்பதைத் தலைப்பிலேயே அச்சடித்தார். உள்ளே படிக்கச் சோம்பல்படுபவர்களும் அட்டையைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான். 26 பரிந்துரைகள். அப்படியும் 2022 நவம்பரில், மரண விசாரணை முடிந்து நாடே கொதித்த பிறகுதான், குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றி ஊகம் செய்தோம், அது தவறு என்று சங்கம் ஒப்புக்கொண்டது. சுவரில் இருந்த பூஞ்சையைவிட மனத்தில் இருந்தது கெட்டியாகப் பிடித்திருந்தது.

தலைமை நிர்வாகி பதவி விலக மறுத்தார். சங்கத்தைச் சீர்படுத்தும் பொறுப்பிலிருந்து ஓட மாட்டேன் என்கிற தொனி. நிர்வாகக் குழுவும் அவர் பக்கம் நின்றது. பூஞ்சை ஒரு சிறுவனுக்கு இவ்வளவு ஆபத்தானது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னார். செவிலியரின் கடிதம் ஜூலை மாதத்திலேயே வந்திருந்தது. கடிதம் வந்ததும் அதை நாலாய் மடித்துத் தெரியாமை என்ற கோப்பில் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சில நாளில் கண்டனம் தாங்காமல் அவரை நீக்கினார்கள். தகப்பனாரின் புகார் 2017-இலிருந்து 2020 வரை நகர்த்த முடியாத நிர்வாகத்தை நாலு நாள் செய்தித்தாள் நகர்த்திவிட்டது. பிறகு வீட்டுவசதி அமைச்சர் வந்து பார்த்தார், கோபப்பட்டார், புதிய வீடுகள் கட்டுவதற்காகச் சங்கத்துக்கு வரவிருந்த 10 லட்சம் பவுண்டை நிறுத்தினார். பழைய வீட்டில் குழந்தையைச் சாகவிட்ட குற்றத்துக்குத் தண்டனை, ஊருக்குப் புதிய வீடு குறைவு. தண்டனை யாருக்கு என்று கேட்பவர்களுக்கு அரசியல் தெரியாது.

2023 மார்ச்சில் குறைதீர்ப்பாளர் இந்தச் சங்கத்தைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டார். வாடகைதாரர் சொல்வதை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடும் போக்கு, அவர்களைத் தம்மைப்போன்ற மனிதராகவே எண்ணாத மனப்பான்மை. இதையெல்லாம் கண்டுபிடிக்க அறிக்கை தேவைப்பட்டது. அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதே ஆண்டு ஜூலையில் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. அதில் ஒரு பகுதிக்கு அவாப் சட்டம் என்று பெயர். செப்டம்பரில் அரசின் வழிகாட்டி ஒன்றும் வந்தது. ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் வாடகைதாரரைப் பழி சொல்லக் கூடாது, சமைப்பதும் குளிப்பதும் துணி உலர்த்துவதும் அன்றாட வாழ்வில் தவிர்க்க முடியாதவை என்று அரசாங்கமே எழுத்தில் கொடுத்தது. உலகின் பெரும் பணக்கார நாடுகளில் ஒன்று, தன் குடிமக்கள் குளிக்கலாம் என்று 2023-இல் உத்தரவாதம் அளித்திருக்கிறது.

சட்டத்தை நிறைவேற்றியாகிவிட்டது, உடனே நடைமுறைக்கு வந்துவிட்டால் கண்ணியம் என்னாவது? முதல் கட்டம் 2025 அக்டோபர் 27 அன்று அமலுக்கு வந்தது. குழந்தை உயிரோடிருந்தால் அன்றைக்கு ஏழாவது பிறந்தநாளுக்குக் கிட்டத்தட்ட ஏழு வாரம் பாக்கி. உயிருக்கே உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் கவனிக்க வேண்டும். மற்றபடி மோசமான ஈரமும் பூஞ்சையும் என்றால் பத்து வேலை நாளுக்குள் விசாரிக்க வேண்டும், விசாரணை முடிந்து மூன்று வேலை நாளுக்குள் எழுத்துமூலம் முடிவைச் சொல்ல வேண்டும், ஐந்து வேலை நாளுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். இல்லாததற்கு இது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. அந்தத் தாயும் தகப்பனும் துக்கத்தோடு துக்கமாகப் போராடி வாங்கியது. ஆனால் வேலை நாள் என்ற கணக்கைப் பூஞ்சையிடமும் யாராவது சொல்லிவைத்தால் நல்லது. நனைந்த சுவரில் அது ஓரிரு நாளில் முளைக்கத் தொடங்கிவிடும். சனி, ஞாயிறு பார்ப்பதில்லை, கிறிஸ்துமஸ் விடுமுறை எடுப்பதில்லை. அந்த நாட்டு அலுவலகங்களின் கண்ணில் படும் ஒரே குற்றம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு சங்கதி. இப்போதைக்கு இந்தச் சட்டம் கவுன்சில் வீடுகளுக்கும் சமூக வீட்டுச் சங்கங்களுக்கும் மட்டும். தனியார் வாடகைக்கும் இதை நீட்டிக்க 2025-இன் வாடகைதாரர் உரிமைச் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள், எப்போது என்பதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. தனியார் என்றதும் ஏதோ வெள்ளைக்காரப் பிரபு என்று எண்ணிவிட வேண்டாம். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இரண்டு வீடு மூன்று வீடு வாங்கி, கூடத்துக்கு நடுவே பலகை அடித்து அறையாக்கி, ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. தேர்த் திருவிழாவுக்கு முதல் ஆளாகக் காசு கொடுப்பவர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவில் மேடையில் அமர்பவர்கள். அறைக்குள் போனால் கட்டிலின் தலைமாட்டில் கூரைவரை கறுப்பு ஏறியிருக்கும். படிக்க வந்த பையன் இரவெல்லாம் இருமுவான். விசா அவசரமும் வாடகைப் பாக்கிப் பயமும் உள்ளவன், யாரிடம் போய்ப் புகார் சொல்வான்? ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வீட்டுக்காரரிடமே கேட்பான்.

“அண்ணை, இந்தச் சுவரை ஒருக்காப் பாருங்கோவன். பங்கசு பிடிச்சுக் கிடக்கு. இரவிலை மூச்சு முட்டுது.”

“தம்பி, நீர் உள்ளுக்கை உடுப்புக் காயப்போடுறீர். சுடுதண்ணியிலை கனநேரம் நிண்டு குளிக்கிறீர். யன்னலையும் திறக்கிறேல்லை. பிறகு பங்கசு வராமல் என்ன செய்யும்?”

“இல்லை அண்ணை, இப்ப ஏதோ சட்டம் வந்திருக்காம். பத்து நாளுக்குள்ளை வந்து பாக்கவேணுமாம்.”

“அது கவுன்சில் வீட்டுக்குத்தான் தம்பி. எனக்கில்லை. ஒரு வாளி பெயின்ட் வாங்கித் தாறன், ஞாயிற்றுக்கிழமை அடியும்.”